எல்லாரும் ஏறும் வண்டி

எங்கள் ஊரிலிருந்து கீழே போக ஒரே சாலைதான். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையடித்த கற்களை நட்டிருப்பார்கள். ஒரு சைக்கிளைக்கூட அவை நிறுத்தாது. இருந்தாலும் கண்ணுக்கு ஒரு தைரியம்.

அங்கே பஸ் நிலையத்தில் நான் பதினோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தேன். தகரக்கூரை போட்ட ஒரு கூண்டு, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு மைக், வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதுகிற நோட்டு. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். மழைக்காலத்தில் கூரை போடும் சத்தத்தில் மைக்கில் நான் பேசுவது எனக்கே கேட்காது.

காலை ஆறரைக்கு முதல் வண்டி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், மில்லுக்குப் போகிற பெண்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள், எல்லாருக்கும் அந்த ஒரு வண்டிதான். அதை ஓட்டியவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. ஊரில் யாருக்கும் அது தெரியாது. 'நிதானம்' என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருப்பார்கள். நிதானம் ஓட்டினால் மடியில் வைத்த சாப்பாட்டுத் தூக்குகூட ஆடாது என்று மில்லுக்காரப் பெண்கள் சொல்வார்கள்.

அவர் மனைவி எங்கள் ஊரிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் வேலை செய்தார். பட்டனுக்குத் துளை போடும் காஜா மெஷின் அவருடையது. அவருடைய தம்பிதான் முதல் வண்டிக்குக் கண்டக்டர். தம்பி அக்கா அக்கா என்று கூப்பிட்டே, பஸ் நிலையத்தில் எங்கள் எல்லாருக்கும் அவர் அக்காவாகிவிட்டார். ஒரே மகள். பதினாறு வயது. வீட்டில் பாப்பா. பிறந்த நாளிலிருந்து அப்பாவின் வண்டியைத் தவிர வேறு வண்டியில் அந்தப் பெண் கீழே போனதில்லை.

இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, அக்காவும் தம்பியும் பின்னால் என்னிடம் சொன்னது.

மழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் எப்போதும் நிதானத்துடையது. அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் அரிசி களைந்துகொண்டே கம்பெனிக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பதில் இல்லை. கத்தி பலகையில் தட்டும் சத்தமும் நின்றுவிட்டது. கோபமோ என்று திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. கையில் கத்தி வெறும் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

அரை நிமிஷம் இருக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் குனிந்தார்.

"பாதி வெங்காயம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

அது கீழே கிடந்தது. அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்து அப்புறம் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து குளிக்கப் போனவர், குளியலறையில் விழுந்தார். சத்தம் கேட்டு அக்கா ஓடினார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே வாளி உருளும் சத்தம். தம்பியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கதவை நெம்பித் திறந்தார்கள். உடம்பு வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. வாயோரத்தில் நுரை. பாப்பா டியூஷனில் இருந்தது. "பாப்பா வர்றதுக்குள்ள எந்திரிச்சிரணும்" என்று அக்கா அந்த ஈரத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாராம். எழுந்துவிட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று ஆள் ஏற்றும் ஜீப்பில் கீழே போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா எல்லாம் கேட்டார். தலையில் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார். கடைசியில், "என்ன வேல பாக்கறீங்க?" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "மலைல பஸ் ஓட்டறாருங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இது வலிப்பு நோய். மாத்திரை எழுதித் தர்றேன், ஒரு வேளைகூட விடக்கூடாது. பெரும்பாலும் அடங்கிரும். ஆனா எப்ப வரும்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. வண்டிய மட்டும் இன்னியோட விட்டுருங்க. பஸ்ஸு இனி வேண்டாம்."

"சரிங்க."

"நீங்களேதான் ஆபீஸ்ல சொல்லணும். நோயாளி சொன்னத நான் வெளில சொல்லக்கூடாது, அது எங்க தொழில் கட்டுப்பாடு. லெட்டர் தர்றேன், கொண்டுபோய்க் குடுங்க. நாளைக்கே."

"சரிங்க."

டிக்கெட் பரிசோதகரிடம் சொல்வதுபோல் சொன்னார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது இருபத்தேழு வளைவிலும் ஜீப்புக்காரன் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து காக்கிச் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பறீங்க?"

"வேலைக்கு."

"லெட்டர்?"

"குடுக்கறேன். எப்பக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

"இன்னிக்குக் குடுக்கறதுன்னா போங்க. இல்லன்னா போகாதீங்க."

அவர் ஷூ கயிற்றைக் கட்டி முடித்தார். பிறகு சொன்னார். "இந்தா பாரு. இது என் உடம்பு. உள்ள என்ன நடக்குதுன்னு ஊருக்கு நோட்டீஸ் அடிச்சு ஒட்டணுமா?"

"உங்க உடம்பு மட்டும் போறதா இருந்தா நான் வாயே தெறக்க மாட்டேங்க. பின்னாடி அம்பது பேரு உக்காந்திருக்காங்க."

"அந்த அம்பது பேர இருபத்திரண்டு வருஷமா யாரு கொண்டுபோய்ச் சேத்தது? நீயா? அந்த டாக்டரம்மாவா? மாத்திரைதான் போடறேன்ல. சீட்ல உக்காந்தா எனக்கு வராது. எனக்குத் தெரியும்."

"வெங்காயம் வெட்டறப்ப வரும்னு தெரிஞ்சுதா?"

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"டிப்போல வந்து பாரு. ஒருத்தனுக்குக் கண்ணு மங்கல். ஒருத்தனுக்கு சர்க்கர எறங்குனா கை நடுங்கும். ஒருத்தன் காலைலயே ஊத்திக்கிட்டு வர்றான். எவன் பொண்டாட்டி போய் எழுதிக் குடுக்கறா? எல்லாரும் எதையாவது மறைச்சுக்கிட்டுத்தான் ஓட்டறான். நான் மட்டும் யோக்கியனா இருந்து என்ன கண்டேன்?"

"நான் அவங்களோட குடும்பம் நடத்தல. உங்களோட நடத்தறேன்."

அவர் கதவருகே நின்றார். குரல் இறங்கியிருந்தது. "என்ன வீல்லருந்து எறக்கிட்டா நான் என்னவா இருப்பேன், சொல்லு பாப்போம். டிப்போ வாசல்ல குந்திக்கிட்டுப் போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்பிடு போடவா? அதுக்கு அந்தப் பாத்ரூம்லயே போயிருக்கலாம்."

போய்விட்டார். பாப்பா பின்னறையிலிருந்து பையோடு வந்தது. அக்கா அதன் கையைப் பிடித்து நிறுத்தினார். ஏன் என்று யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விட்டது.

"இனிமே ஜீப்ல போ."

"ஏம்மா? ஜீப் ஏழு மணிக்குத்தான் எடுப்பான். பிரேயருக்கு லேட்டாகும்."

"ஆகட்டும்."

பாப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பயம் வேறு. பாப்பா ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று காத்திருந்தார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அவர் கேட்கவே இல்லை.

"அதுலதான் எனக்கு உள்ளுக்குள்ள ஆடிப்போச்சு" என்றார் அக்கா என்னிடம். "பாப்பா அந்த வண்டில ஏறலன்னா அவருக்கும் நிம்மதியா இருந்திருக்கு. அப்ப அவருக்குத் தெரியுது. தெரிஞ்சேதான் ஓட்டறாரு."

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை ஒருமுறை வந்தால் வீட்டுக்குள் பாய்கூடக் காயாது. சாலையில் மண் சரிந்து, நான்காம் வளைவில் ஓரக் கற்கள் இரண்டைக் காணவில்லை. காலையில் மேகம் சாலைக்கே இறங்கி நிற்கும். முதல் வண்டி புறப்பட்டு முப்பது அடி போனதும் பின்விளக்கு இரண்டும் பஞ்சுக்குள் வைத்த நெருப்புபோல மங்கி, அப்புறம் அதுவும் போய்விடும். ஹாரன் சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு கீழே இறங்கிக்கொண்டே போகும்.

அந்த நாட்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். கண்டக்டர், அதாவது அக்காவின் தம்பி, பின்பக்கம் போவதையே விட்டுவிட்டான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். டிக்கெட் வேண்டுமென்றால் ஜனங்கள் காசைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்ப வேண்டும். "கண்டக்டருக்குப் பொண்ணு பாத்தாச்சா? முன்னாடியே நிக்கறாரே, மாலைய எதிர்பாத்தா?" என்று மில்லுக்காரப் பெண்கள் கிண்டல் பண்ணினார்கள். அவன் சிரிக்கவில்லை. ஹேண்ட்பிரேக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அவன் கை எப்போதும் இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

பின்னால் அவனே சொன்னான். ஒரு காலை, பதினெட்டாம் வளைவுக்கு முன்னால், ஒருவர் இறங்க வேண்டும் என்று விசில் கொடுத்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை. நேராகப் போனது. வளைவு வந்தது. வண்டி திரும்பவில்லை.

"மாமா" என்று முன்னால் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினான். அவர் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தார். இடது பின்சக்கரம் ஓரக் கல்லில் உரசியது. வண்டிக்குள் ஒரு குலுங்கல். யாரோ, "என்ன நிதானம், தூக்கமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கீழே போய்ச் சேர்ந்ததும் டீக்கடைக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

"மாமா, இது வேண்டாம் மாமா."

"மழை, மாப்ள. கண்ணாடில ஒண்ணும் தெரியல."

"வைப்பர் ஓடிச்சு."

"நீ அக்காட்ட சொல்லாத."

அவன் சொல்லவில்லை. வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது அவர். தங்கமான மனுஷன். எப்படிச் சொல்வது? அதற்கு மறுநாளிலிருந்துதான் அவன் முன்னால் நின்றான். வண்டியைத் தான் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறான்.

அக்காவின் வீட்டுக்கு எதிரில் ஒரு இஸ்திரிக்காரம்மா இருந்தார். கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு, தகரக் கொட்டகையில் காலை முதல் சாயங்காலம்வரை நின்றபடியே வேலை. புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள், எட்டு வயதும் பத்து வயதும். இரண்டும் முதல் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போயின. பாப்பாவின் பாவாடையை இஸ்திரிக்குக் கொடுக்க அக்கா போனபோது அந்த அம்மா கேட்டார்.

"ஏங்க்கா, உங்க பொண்ணு இப்ப ஏன் ஜீப்ல போகுது?"

"டியூஷன்..."

"டியூஷன் சாயங்காலம்ல."

"வண்டில கூட்டம்."

"அப்பன் வண்டில மகளுக்கு எடமில்லையா? நல்லாருக்கே." இஸ்திரிப்பெட்டியை ஈரத்துணியில் வைத்து இழுத்தார். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது. "நான் என் ரெண்டையும் ஏத்திவிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்க்கா. நேரா வந்து கரியப் பத்த வச்சிருவேன். மத்த டிரைவருன்னா மனசு அடிச்சுக்கும். அண்ணன் இருக்காரே."

அக்கா பாவாடையை வாங்காமலே வந்துவிட்டார்.

அன்றைக்குக் கம்பெனியில் நாற்பது சட்டைகளுக்கு காஜாவை இடது பக்கத்துக்குப் பதில் வலது பக்கம் போட்டுவிட்டார். சூப்பர்வைசர் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல், மழையில் நேராக என் கூண்டுக்கு வந்தார். மணி மூன்று. பஸ் நிலையத்தில் வண்டி எதுவும் இல்லை. ஒரு நாய் மட்டும் பெஞ்சுக்கடியில் படுத்திருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொன்னார். அழவில்லை. சொல்லி முடித்ததும் என் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க வீட்டு விஷயம்க்கா" என்றேன். அதைத்தான் முதலில் சொன்னேன். சொன்னதை மறைக்க விரும்பவில்லை.

"வீட்டு விஷயம்தான். ஆனா தினம் ஆறரைக்கு நீங்கதான அதுக்கு மைக்ல கூப்பிடறீங்க."

"எழுத்துல குடுத்தா திரும்ப வாங்க முடியாது. அவரு மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"இப்ப மட்டும் முழிக்கறனா?" என்றார். "என் பிள்ளைய எறக்கிட்டேன்ல, அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன். மத்தவங்க பிள்ளைங்கன்னதும்தான் யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பேனா குடுங்க."

என் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தை நான் இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். இதை இதுவரை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. டிப்போ மேனேஜர் லீவில் ஒன்றும் இல்லை. நிதானம் எனக்கு நண்பர், என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர். அவ்வளவுதான் காரணம். அந்த இரண்டு காலையும் வழக்கம்போல் மைக்கில் கூப்பிட்டேன். வழக்கம்போல் ஏறினார்கள். வண்டி கீழே சேர்ந்துவிட்டது என்று போன் வரும்வரை கடிகாரத்துக்குக் கீழேயே நின்றேன். மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றைக்கே அவரை நிறுத்தினார்கள். மருத்துவப் பரிசோதனை முடியும்வரை வண்டி இல்லை.

வீட்டில் அவர் கத்துவார் என்று அக்கா எதிர்பார்த்தார். கத்தவில்லை. பேச்சையே நிறுத்திக்கொண்டார். தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார். தன் தட்டைத் தானே கழுவினார். ஏதாவது வேண்டுமென்றால் அக்கா எதிரில் நிற்கும்போதே, "பாப்பா, உங்கம்மாட்ட சாவி எங்கன்னு கேளு" என்பார். பாப்பாவுக்கு அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. அது யார் பக்கமும் சேரவில்லை. சாப்பிட்டது, படித்தது, ஜீப்பில் போனது.

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. கீழேயிருந்து தற்காலிகமாக ஒரு டிரைவரை அனுப்பினார்கள். சமவெளியில் ஓட்டியவன். மலை பழக்கமில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்ததில் ஒரு மில்லுக்காரப் பெண்ணுக்கு நெற்றி கம்பியில் இடித்து மூன்று தையல். நாலு நாளில் ஊர் பொறுமையிழந்துவிட்டது. எங்களுக்கு நிதானம்தான் வேண்டும் என்று ஒரு மனு தயாரானது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, பழிவாங்க எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கம்பெனியில் அக்காவுக்குப் பக்கத்து மெஷின்காரி சாப்பாட்டு நேரத்தில் வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

மனுவில் மூன்றாவது கையெழுத்து இஸ்திரிக்காரம்மாவுடையது. அவர் வாசலிலேயே வந்து நின்றார்.

"ஏங்க்கா, நான் தெரியாமத்தான் கேக்கறேன். அந்த வண்டில ஏறப்போறது நாங்க. எங்களுக்குச் சம்மதம். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவருக்கு வலிப்பு வருதும்மா. என் கண்ணால பாத்தேன்."

"யாருக்குத்தான் நோவில்ல? புதுசா வந்தவனுக்கு ஒரு நோவும் இல்ல, மூணு தையல் போட்டாச்சு. அண்ணன நாங்க நம்பறோம். எங்க உசிரு, எங்க இஷ்டம்."

"உன் உசிருன்னா சரி. உன் பிள்ளைங்கள்ட்ட சம்மதம் கேட்டியா?"

"அதுங்களுக்கு என்ன தெரியும்."

"அதத்தான் சொல்றேன்."

இஸ்திரிக்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டார். பிறகு, "படிச்சவங்கட்ட பேசி முடியாது" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அக்கா படித்தது எட்டாம் வகுப்பு.

பரிசோதனை நடந்தது. அலுவலக டாக்டர் அரைமணி நேரம் தலையில் கம்பி ஒட்டிப் பார்த்தார். அந்த அரைமணி நேரத்தில் கோடுகள் ஒழுங்காக இருந்தன. நிதானம் தனக்கு ஒன்றுமே வந்ததில்லை, குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறார். பழைய டாக்டரம்மாவின் கடிதம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. தகுதி உண்டு என்று சான்றிதழ் வந்தது. மேனேஜர் மேஜையில் ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அக்காவின் நாலு வரி அடியில் எங்கோ இருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானாக இருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ.

திங்கட்கிழமை காலை. இரவெல்லாம் பெய்து, விடிந்தும் விடாத மழை. மேகம் என் கூண்டு ஜன்னல்வரை வந்து நின்றது. வண்டியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நிதானம் காக்கிச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்தார். வழக்கம்போல் இரும்புக் கம்பியால் ஆறு டயரையும் தட்டிச் சத்தம் கேட்டார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். யாரோ கை கொடுத்தார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். வண்டி நிரம்பிவிட்டது.

அக்கா குடையோடு என் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆறு இருபத்தெட்டுக்குப் பாப்பா வந்தது. ஜீப் நிற்கிற பக்கம் திரும்பவில்லை. இஸ்திரிக்காரம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அதுவும் ஏறி, டிரைவருக்கு நேர்பின்னால் இருந்த சீட்டில் அவர்களில் சின்னவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அக்கா குடையைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"பாப்பா, எறங்கு. ஜீப் நிக்குது."

"இதுலதான் போறேன்."

"எறங்குன்னு சொல்றேன்ல."

"எல்லாரும் போறாங்க. அப்பாதான ஓட்டறாரு. எனக்கென்ன?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. உள்ளே நிதானம் மேலே இருந்த கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

"பாப்பா, ஜீப்ல போ" என்றார்.

"ஏம்ப்பா?"

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

"சொல்லுங்கப்பா. நான் மட்டும் ஏன் ஜீப்ல போகணும்?"

"மழையா இருக்கு."

"இவங்களுக்கும்தான மழை."

குரலை உயர்த்தவில்லை அந்தப் பெண். கேட்டது அவ்வளவுதான். ஆனால் வண்டிக்குள் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கிப் பின்சீட்டுவரை போனது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றான். ஊதவில்லை. எனக்குக் கடிகாரம் ஞாபகம் வந்தது. ஆறரை தாண்டியிருக்கும். நான் அங்கேயே நின்றேன்.

நிதானம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மகள் மட்டும் தெரிந்திருக்காது. மடியில் அந்தச் சின்னவன், அவனுக்குப் பின்னால் தூக்குப்பாத்திரங்களோடு மில்லுக்காரப் பெண்கள், கண்கட்டோடு ஒரு கிழவர், நிற்கிறவர்கள். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்கு வந்துவிட்டதோ என்றுகூட நான் பயந்தேன்.

பிறகு கையை நீட்டி என்ஜினை நிறுத்தினார்.

"என்னாச்சு நிதானம்? வண்டில கோளாறா?" என்றது ஒரு குரல்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் கூண்டுக்கு ஓடுவதற்குள் ஜன்னலுக்கு வந்து, சாவியை உள்ளே வைத்தார்.

"எழுதிக்கங்க. டிரைவருக்கு உடம்பு சரியில்ல."

நோட்டில் அப்படியே எழுதினேன். அவர் அக்காவைத் தாண்டி நடந்தார். பார்க்கவில்லை. மேகத்துக்குள் பத்தடி போனதும் காக்கிச் சட்டை மறைந்துவிட்டது.

மாற்று டிரைவர் வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. மில்லில் அரைநாள் கூலி போயிற்று என்று பெண்கள் திட்டினார்கள். அவரைத் திட்டவில்லை. அக்காவைத்தான். இஸ்திரிக்காரம்மா கரியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, நடந்ததைக் கேட்டார். பிள்ளைகள் இரண்டையும் வண்டியிலிருந்து இறக்கி, ஆளுக்கொரு கையாகப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நிதானத்தைப் பஸ் நிலையத்தை ஒட்டிய டிப்போவில் டயர் பிரிவில் போட்டார்கள். பஞ்சர் பார்ப்பது, காற்று அடிப்பது. கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்து அண்ணே என்றுதான் சொன்னார்கள். ஆனால் முதல் வண்டி புறப்படும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பார். வீட்டில் அதே மௌனம். ஐந்து வாரம். "நான் செஞ்சது சரிதான்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்றார் அக்கா. "ஒருத்தரும் சொல்லல. நானும் சொல்லிக்கல."

மழை விட்டு வெயில் வந்த முதல் வாரம். முற்பகல். நான் கூண்டில் இருந்தேன். டயர் பிரிவிலிருந்து ஒரு சத்தம், பாம்பு சீறுவதுபோல. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

காற்றுக்குழாய் தரையில் தன்பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் கழற்றி வைத்த டயர்களுக்கு நடுவில் கிடந்தார். கண்டக்டர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான். மெக்கானிக்குகள், டிரைவர்கள், கீழே போகக் காத்திருந்த பயணிகள் என்று முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். துணி மூட்டையோடு இஸ்திரிக்காரம்மாவும் நின்றார். எல்லாருக்கும் மனசுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியிருக்கும். கால்கள் உதைப்பது நிற்க வெகுநேரம் ஆனது.

அக்கா கம்பெனியிலிருந்து ஓடிவந்தார். உடுப்பெல்லாம் வெட்டு நூல். தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். கடிபட்ட நாக்கிலிருந்து ரத்தம் தாடைவரை வந்திருந்தது. அதைத் துடைத்தார்.

மெல்லக் கண் திறந்தது. முதலில் யாரையும் தெரியவில்லை. பிறகு அக்காவின் முகத்தில் நின்றது.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார். ஐந்து வாரத்தில் அக்காவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அக்கா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எல்லாரும் பாத்துட்டாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மறுபடியும் மயக்கமோ என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, கையைத் துழாவி அக்காவின் கையைப் பிடித்தார்.

"அப்ப சரி" என்றார். "வீட்டுக்குப் போலாம்."